இயற்பியல் விஞ்ஞானிகள பத்தி எழுதும்போது நாம பண்ற தப்புகள்

முதல் தப்பு என்னோடது தான், அதுலயிருந்தே ஆரம்பிச்சிடறேன். ஒரு க்விஸ்ஸுக்கு கேள்வி தயார் பண்ணி குடுத்தேன், "ஐன்ஸ்டீனுக்கு எதுக்காக நோபல் குடுத்தாங்க"னு ஒரு கேள்வி, விடைத்தாள்ல யோசிக்காம சார்பியல்னு போட்டு வச்சிட்டேன். ஒளிமின் விளைவுனு (ஒளி பட்டா உலோகத்துலயிருந்து எலக்ட்ரான் வெளிய வர்றது) சொன்ன பொண்ணுக்கு மார்க் கிடையாதுன்னுட்டாங்க, அது விடுமா, நேரா மேடைக்கே வந்து சண்டை போட்டுச்சு. அது சொன்னது தான் சரி. 1921ஆம் வருஷத்துக்கான பரிசு அது, அறிவிச்சது 1922ல, கோட்பாட்டு இயற்பியலுக்கு அவர் செஞ்ச பணிக்காக, குறிப்பா ஒளிமின் விளைவோட விதிக்காகன்னு தான் காரணம் எழுதியிருக்காங்க. சார்பியல்ங்கிற வார்த்தையே அதுல இல்ல.

நோபல் ஒவ்வொண்ணுக்கும் இப்படி ஒரு வரில காரணம் எழுதுவாங்க. ஒருத்தர பத்தி எழுத உக்காந்தா அந்த ஒரு வரிய மொதல்ல படிச்சிடுங்க, பாதி தப்பு அங்கயே போயிடும். எவ்வளவு பங்குன்னும் பாருங்க. 1903ல மேரி க்யூரி வாங்கினது கால் பங்கு, பியர் க்யூரிக்கு கால், மீதி பாதி கதிரியக்கத்த கண்டுபிடிச்ச பெக்கரலுக்கு. ரெண்டாவது நோபல் 1911ல முழுசா அவங்க ஒருத்தருக்கே, ஆனா அது வேதியியல். "இயற்பியலுக்கு ரெண்டு நோபல் வாங்கின மேரி க்யூரி"ன்னு எழுதுறவங்க இன்னும் இருக்காங்க, இயற்பியல்லயே ரெண்டு தடவை வாங்கினது ஜான் பார்டீன், 1956லயும் 1972லயும், அவர் பேரு தான் யாருக்கும் ஞாபகத்துக்கு வராது பாவம்.

பரிசு வாங்கின வருஷத்த கண்டுபிடிச்ச வருஷமா போடறது இன்னொண்ணு. சுப்ரமணியன் சந்திரசேகர் 1930ல கப்பல்ல இங்கிலாந்து போகும்போது போட்ட கணக்கு, எரிஞ்சு முடிஞ்சு சுருங்கின விண்மீனோட நிறைக்கு ஒரு உச்ச வரம்பு இருக்குன்னு, வயசு 19. நோபல் வந்தது 1983ல, வில்லியம் ஃபவுலர்ங்கிற இன்னொரு விஞ்ஞானியோட பாதிக்குப் பாதி. நடுவுல 53 வருஷம். நம்மாளுங்க கப்பல், உடனே அப்போ பெரிய வானியலாளரா இருந்த எடிங்டன் 1935ல எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்ணது, உடனே நோபல், அப்படின்னு தாவிடுவாங்க. அந்த மனுஷன் நடுவுல சும்மாவா உக்காந்திருந்தாரு? விண்மீன் கூட்டங்களோட இயக்கம், ஒளி வளிமண்டலத்துக்குள்ள எப்படி போகுது, பாய்மங்களோட நிலைத்தன்மை, கடைசில கருந்துளை கணிதம்னு, ஒவ்வொரு துறையா எடுத்து பல வருஷம் ஆழமா உழைச்சு, ஒரு பெரிய புஸ்தகமா எழுதி முடிச்சிட்டு அடுத்த துறைக்கு போயிருவாரு. இதுக்கு நடுவுல 1952லயிருந்து 1971 வரைக்கும் ஒரு முக்கியமான வானியற்பியல் ஆய்விதழுக்கு ஆசிரியர் வேற. என்னைக் கேட்டா கப்பல் கதைய விட இது தான் சொல்லவேண்டிய கதை.

கப்பல்னு சொன்னதும் ராமன். "கடல் ஏன் நீலமா இருக்குன்னு யோசிச்சாரு, ராமன் விளைவ கண்டுபிடிச்சாரு"ன்னு ரெண்டு வரில முடிச்சிடறாங்க. ராமன் விளைவுன்னா, ஒரு பொருள்ல பட்டு சிதறுற ஒளில கொஞ்சம் நிறம் மாறி வர்றது. கடல பாத்தது 1921ல, விளைவ பாத்தது 1928 பிப்ரவரி 28. அந்த ஏழு வருஷம் எங்க போச்சு? கடலோட நீலம் வானத்தோட பிரதிபலிப்பு தான்னு அப்போ ஒரு விளக்கம் இருந்துச்சு, இவர் கப்பல்லயே ஒரு நிக்கோல் பட்டகத்த வச்சு மேல்பரப்புல பிரதிபலிச்சு வர்ற ஒளிய வெட்டிட்டு பாத்தா நீலம் போகல, அப்போ தண்ணியே ஒளிய சிதறடிக்குது. அது ஆரம்பம் அவ்வளவு தான். அப்புறம் கல்கத்தாவுல மாணவர்களோட சேந்து திரவம் திரவமா எடுத்து ஒளிச்சிதறல் சோதனை. 1923ல ராமநாதன்ங்கிற மாணவருக்கு சிதறின ஒளில நிறம் மாறின மாதிரி ரொம்ப மங்கலா ஒண்ணு தெரியுது, திரவத்துல ஏதோ அழுக்கு, அதனால வர்ற ஒளிர்வுன்னு நெனச்சு சுத்தம் பண்றாங்க, மறுபடி சுத்தம் பண்றாங்க, அது போகவே மாட்டேங்குது. அழுக்கு இல்ல, அதுவே தான் விஷயம்னு புரிய இன்னும் அஞ்சு வருஷம் ஆச்சு. இந்த "போகவே மாட்டேங்குது" பகுதிய வெட்டிட்டு கதை சொன்னா என்ன பிரயோஜனம்.

இதே கதையில விட்டுப்போற பேரு ராமனோட சேந்து வேலை பாத்த கே.எஸ்.கிருஷ்ணன். 1928 மார்ச் 31ல நேச்சர் இதழ்ல வந்த குறிப்புல ராமன் பேரும் கிருஷ்ணன் பேரும் சேந்தே இருக்கு, 1930 நோபல் ராமனுக்கு மட்டும். மாஸ்கோவுல லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் ரெண்டு பேரும் படிகத்துல இதே விளைவ ஒரு வாரம் முன்னாடியே பாத்துட்டாங்க, ஆனா வெளியிட்டது பின்னாடி. அப்புறம் தேசிய அறிவியல் தினம் ராமன் பொறந்தநாள் இல்லங்க, பிப்ரவரி 28 விளைவ பாத்த நாள், பொறந்தது நவம்பர் 7.

பேரு விட்டுப்போறது ஒரு தப்புன்னா அதுக்கு நேர் எதிரா எல்லாத்தையும் "திருடிட்டாங்க"ன்னு எழுதறதும் தப்பு தான். ஜோசலின் பெல் 1967ல ஆராய்ச்சி மாணவி, ரேடியோ தொலைநோக்கிய கட்டும்போது கூடவே வேலை பாத்தவங்க, அதுலயிருந்து மைல் கணக்கா வர்ற காகிதச் சுருள்ல பேனா கீறின கோட்ட கண்ணால பாத்து பாத்து, குப்பை மாதிரி ஒரு சின்ன கிறுக்கல விடாம பிடிச்சாங்க, 1.33 நொடிக்கு ஒரு துடிப்பு, அது தான் முதல் பல்சார், அதாவது சுழன்டுகிட்டே சீரா ரேடியோ துடிப்பு அனுப்புற விண்மீன். 1974ல நோபல் அவங்க வழிகாட்டி ஹியூவிஷுக்கும் ரைலுக்கும் போச்சு. அநியாயம்னு எனக்கும் தோணுது, ஆனா அவங்களே மாணவர்களுக்கு நோபல் குடுக்கறது அபூர்வமா தான் இருக்கணும்னு சொல்லியிருக்காங்க, அதையும் சேத்து எழுதணும்ல. 2018ல கிடைச்ச 30 லட்சம் டாலர் பரிசையும் வாய்ப்பு கம்மியா இருக்கற மாணவர்கள் இயற்பியல்ல ஆராய்ச்சி பண்ண உதவித்தொகையா குடுத்துட்டாங்க. லீஸ் மைட்னர் விஷயம் வேற, அணுப்பிளவுக்கு இயற்பியல் விளக்கம் குடுத்தவங்க, அவங்க கூட வேலை பாத்த ஹானுக்கு மட்டும் வேதியியல் நோபல், அதுக்கு என்னால சமாதானம் சொல்ல முடியல.

"கணக்குல ஃபெயில் ஆன ஐன்ஸ்டீன்" தயவுசெஞ்சு வேண்டாம். 15 வயசுக்குள்ளயே நுண்கணிதம் முடிச்ச ஆளு. 1895ல சூரிச்ல நுழைவுத்தேர்வு தேறல, அது உண்மை, ஆனா கணக்கும் இயற்பியலும் நல்லாவே பண்ணியிருந்தாரு, மத்த பாடம் தான் காலை வாருச்சு. "சாதாரண குமாஸ்தா"வும் அப்படித்தான், காப்புரிமை ஆபீஸ்ல தொழில்நுட்ப நிபுணர் வேலை அது, அதுக்கு முன்னாடியே சூரிச்ல இயற்பியல் டிப்ளமா முடிச்சாச்சு.

போஸ் குழப்பத்துக்கு ஒரு வரி போதும்: ரேடியோ அலை, செடி ஆராய்ச்சி எல்லாம் ஜகதீஷ் சந்திர போஸ், போசான்ங்கிற பேருக்கு காரணம் அவர்கிட்ட படிச்ச சத்யேந்திர நாத் போஸ். 2012ல ஹிக்ஸ் போசான் (பத்திரிகைங்க 'கடவுள் துகள்'னு சொல்ற அடிப்படைத் துகள்) செய்தி வந்தப்போ "கடவுள் துகள கண்டுபிடிச்ச போஸ்"னு ஓடுச்சு, அவர் 1924ல சொன்னது ஒரு வகை துகள்கள எண்ணுற புள்ளியியல், அந்த துகள்கள் எல்லாத்துக்கும் பொதுவா அவர் பேர வச்சாங்க, ஹிக்ஸ் துகள் அந்த வகையில ஒண்ணு.

கடைசியா எண்கள். எத்தன பேப்பர், ஹெச் இண்டெக்ஸ் எவ்வளவுன்னு போட்டு "உலகின் முன்னணி விஞ்ஞானி"ன்னு எழுதறாங்க. ஹெச் இண்டெக்ஸ்ங்கிறது 2005ல ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரரே கொண்டுவந்தது தான், 20 பேப்பர் ஒவ்வொண்ணும் குறைஞ்சது 20 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தா 20, அவ்வளவு தான் கணக்கு. அந்த ஹிக்ஸ் துகள் இருக்கணும்னு 1964ல சொன்ன பீட்டர் ஹிக்ஸ், அதுக்கு அப்புறம் எழுதின பேப்பர் பத்து கூட தேறாது. இன்னொரு பக்கம் பெரிய துகள் சோதனைகள்ல இருக்கறவங்களுக்கு ஆயிரக்கணக்குல பேப்பர் இருக்கும், ஏன்னா குழுவுல எல்லார் பேரும் எல்லாத்துலயும் வரும். 2015ல ஹிக்ஸ் போசானோட நிறை எவ்வளவுன்னு அளந்து வந்த பேப்பர்ல 5,154 ஆசிரியர்கள், 33 பக்கத்துல 24 பக்கம் வெறும் பேரும் ஊரும். பட்டியல் ஆரம்பிக்கறது அகர வரிசையில. இது தெரியாம பட்டியல்ல மொதல் ஆள எடுத்து "தலைமை விஞ்ஞானி"ன்னு கட்டுரை எழுதிடாதீங்க, அவர் பேரு ரெண்டு 'ஏ'வுல ஆரம்பிக்குது, அதனால மொதல்ல வர்றாரு.