காவல் நிலையத்திலும் அரசு அலுவலகத்திலும் அதிகாரிகளை அழைக்கும் முறை

தமிழ்நாட்டில் காவல் நிலையத்துக்கோ தாலுகா அலுவலகத்துக்கோ முதன்முறையாகப் போகிறவர்கள், எதிரே அமர்ந்திருப்பவரை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமலேயே பாதி நேரம் தயங்கி நிற்கிறார்கள். பயத்தில் சிலர் கைகட்டிக் குழைகிறார்கள். அந்தப் பயத்தை மறைக்க வேறு சிலர் குரலை உயர்த்துகிறார்கள். இரண்டுமே வந்த காரியத்தைக் கெடுத்துவிடும். பதவிக்கு உரிய மரியாதையை அளவாகக் கொடுத்து, சொல்ல வேண்டியதை நிமிர்ந்து நின்று சொல்வதற்குச் சில வழக்கங்களைத் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

பேச்சில் காவலர் முதல் கண்காணிப்பாளர் வரை ஆண் அதிகாரிகளுக்கு 'ஐயா' அல்லது 'சார்', பெண் அதிகாரிகளுக்கு 'அம்மா' அல்லது 'மேடம்' என்பதே எங்கும் பொருந்தும். ஆனால் நிலையத்துக்குள் பெயரோ பதவியோ சேர்க்காமல் 'ஐயா' என்று ஒருவரைக் குறிப்பிட்டால், அது பெரும்பாலும் அந்த நிலையத்தின் ஆய்வாளரையே குறிக்கும். ஆகவே வாசலில் பாரா நிற்கும் காவலரிடமோ வரவேற்பாளரிடமோ, "வணக்கம் சார், எஸ்.ஐ. ஐயா இருக்காங்களா? ஒரு புகார் கொடுக்கணும்" என்று பதவியைச் சேர்த்துக் கேட்டால் குழப்பம் வராது. பெண் ஆய்வாளரானால் "இன்ஸ்பெக்டர் அம்மா இருக்காங்களா?" என்று கேட்கலாம். தலைமைக் காவலரை 'ஏட்டய்யா' என்று அழைப்பது ஊர்ப்புறங்களில் இன்றும் மரியாதையான வழக்கம்தான். வெறும் 'ஏட்டு' என்பது மட்டும் நேர்முகத்தில் கூடாது. உதவி ஆய்வாளருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும் என்றாலும், வந்திருப்பவருக்கு அறுபது வயதானாலும், 'தம்பி' என்று அழைப்பதைத் தவிர்ப்பது நல்லது. வயதான பாட்டி சொன்னால் யாரும் வருத்தப்படமாட்டார்கள்; மற்றவர்கள் சொன்னால், தம் கீழ் வேலை செய்பவர்கள் முன்னிலையில் அந்த அதிகாரிக்குச் சங்கடமாக இருக்கும். 'அண்ணே', 'அக்கா' என்பவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

பதவி தெரியாவிட்டால் சீருடையைப் பார்த்துக்கொள்ளலாம். கையில் மூன்று பட்டை இருந்தால் தலைமைக் காவலர். தோளில் இரண்டு நட்சத்திரமும் சிவப்பு-நீல நாடாவும் இருந்தால் உதவி ஆய்வாளர். அதே நாடாவுடன் மூன்று நட்சத்திரம் என்றால் ஆய்வாளர். நாடா இல்லாமல் மூன்று நட்சத்திரம் என்றால் துணைக் கண்காணிப்பாளர், மாநகரங்களில் உதவி ஆணையர். அதுவும் தெரியாவிட்டால் 'சார்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காவலரைப் பார்த்து 'இன்ஸ்பெக்டர் சார்' என்று உயர்த்திச் சொன்னால், மரியாதைக்குப் பதில் கேலியாகவே கேட்கும்.

அழைக்கும் சொல்லைவிட வாக்கியத்தின் தொனிதான் அதிகம் எடுபடும் என்பது என் எண்ணம். வாகனச் சோதனையில் நிறுத்தினால், வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "வணக்கம் சார், என்ன பார்க்கணும்னு சொல்லுங்க, எடுத்துக் காட்டுறேன்" என்று தொடங்கலாம். "எதுக்கு நிறுத்துனீங்க?" என்பதும் கேள்விதான், ஆனால் அது சண்டைக்கு அழைக்கிறது. அபராதம் விதித்தால், "எந்தக் குற்றத்துக்குன்னு சொல்லி, ரசீது கொடுத்துடுங்க சார்" என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

நல்லெண்ணத்தோடு சொன்னாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொற்கள் சில உண்டு. "கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க சார்" என்பதும் "உங்களைத் தனியா கவனிச்சுக்கிறேன்" என்பதும் அலுவலகங்களில் பணம் தருகிறேன் என்ற பொருளிலேயே எடுத்துக்கொள்ளப்படும். நேர்மையான அதிகாரிக்கு அது அவமானம். மற்றவருக்கு அது அழைப்பு. "இதை எப்ப வந்து கேட்கலாம் சார்?" என்பது அந்த இடத்தில் சொல்லத்தக்கது. "நான் யார் தெரியுமா?" என்று தொடங்கி, தெரிந்த பெரியவர் பெயரை இழுப்பதையும் விட்டுவிடுங்கள்.

வருவாய்த் துறையிலும் பேச்சு முறை இதேதான். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார், ஆர்.டி.ஓ., கலெக்டர் என்று வாயால் சொல்வதை எழுத்தில் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், வருவாய்க் கோட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் என்று எழுத வேண்டும். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஒருவருக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம் என்பதால், "வணக்கம் ஐயா" என்ற ஒரு சொல்லுக்குப் பின் நேரே ஊர், கோரிக்கை, முன்பு மனு கொடுத்த தேதி என்று சொல்லிவிடுவதே அவருடைய நேரத்துக்கும் பின்னால் நிற்பவர்களுக்கும் செய்யும் மரியாதை.

மனு எழுதும்போது பெறுநர் பகுதியில் அதிகாரியின் பெயர் தேவையில்லை. அவர் மாறுதலாகிப் போனாலும் மனு அந்த இருக்கைக்கு உரியது. ஆகவே "உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்கள்" என்று பதவியை எழுதி, அடியில் நிலையத்தின் பெயரை எழுதினால் போதும். விளிப்பு "மதிப்பிற்குரிய ஐயா" அல்லது "மதிப்பிற்குரிய அம்மா". யாரென்று தெரியாதபோது "ஐயா/அம்மா" என்று இரண்டையும் எழுதலாம். பிறகு பொருள், நடந்தது, கோரிக்கை, "இப்படிக்கு", கையொப்பம். "சமூகத்திற்குத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்" என்று சில மனு எழுத்தர்கள் இன்னும் எழுதித் தருகிறார்கள். உரிமையைக் கேட்கும் குடிமகனுக்கு அந்தத் தாழ்மை அவசியமில்லை; "கேட்டுக்கொள்கிறேன்" என்பதே நிறைவான பணிவு. 'மாண்புமிகு' என்பதை அமைச்சர்களுக்கும் நீதிபதிகளுக்கும் விட்டுவிடுங்கள். கீழமை நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனால், நீதிபதியை 'ஐயா' அல்லது 'அம்மா' என்று அழைத்தால் போதும்.

புகாரை வாங்க மறுத்தாலும் தொனியை மாற்ற வேண்டாம். "ஐயா, என் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீதாவது கொடுங்க" என்று கேளுங்கள். புகார் வந்ததை நிலையப் பதிவேட்டில் குறித்துக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டுதான் அது. குற்ற வழக்குப் பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு செய்ய மறுத்தால் புகாரை எழுத்து மூலம் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பவும் அதே பிரிவு வழி தருகிறது. அப்படி அனுப்பும் கடிதத்திலும் மறுத்தவரை ஒருமையில் எழுதாமல், "நிலையத்தில் பணியில் இருந்த உதவி ஆய்வாளர் அவர்கள் புகாரைப் பெற்றுக்கொள்ளவில்லை" என்று நாளையும் நேரத்தையும் சேர்த்து எழுதி, பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.