பழகும் முறையில் நயம் பெற

தருமபுரி அந்நாளில் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி ஔவையார் பாடியவற்றுள் இரண்டு செய்திகளை, நயமாகப் பழக விரும்புவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டும். பல நாள், பலரோடு சென்றாலும் முதல் நாள் காட்டிய விருப்பம் குறையாமல் அவன் வரவேற்றான் என்கிறது புறநானூற்றின் 101ஆம் பாடல். நெல்லிக்கனியின் பயனை வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளத்தில் அடக்கிக்கொண்டே தந்தான் என்கிறது 91ஆம் பாடல். சலிப்பைக் காட்டாமலும் செய்ததைச் சொல்லிக்காட்டாமலும் இருக்கத் தெரிந்தவரிடம் நயம் பாதி வந்துவிட்டது என்பேன். தேனொழுகப் பேசும் திறமை அதற்குப் பிறகுதான்.

வருபவரைக் கண்டதும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகம் பார்த்து, அவரை உட்கார வைத்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள். சென்ற முறை அவர் மகளின் தேர்வைப் பற்றிச் சொல்லியிருந்தால் அதை நினைவு வைத்து விசாரியுங்கள். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் மிகுதி என்பதால், ‘பாகுன்னாரா’ என்றோ ‘சென்னாகித்தீரா’ என்றோ அவரவர் மொழியில் நலம் கேட்பது நல்லது. உச்சரிப்பு சற்றுப் பிசகினாலும் யாரும் குறையாக நினைப்பதில்லை.

மறுக்க வேண்டிய இடத்தில்தான் ஒருவரின் பண்பு சோதனைக்கு வருகிறது. ‘பார்க்கலாம்’ என்று இழுத்தடிப்பது மென்மை போலத் தோன்றினாலும், எதிரில் இருப்பவரை அது வீணாக அலைக்கழிக்கிறது. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் ஒரு விவசாயி கேட்கும் விலை கட்டுப்படியாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். சரக்கில் குறை சொல்லி விலையைக் குறைக்கப் பார்க்காமல், “அண்ணா, காய் நன்றாகத்தான் இருக்கிறது, வரத்து அதிகமாக இருப்பதால் இன்று என்னால் இவ்வளவுதான் தர முடியும். வண்டி நிழலில் நிற்கட்டும், நீங்கள் வேறு இரண்டு மண்டிகளிலும் கேட்டுவிட்டு வாருங்கள்” என்று சொல்லும் வியாபாரியிடம் அவர் மறுபடியும் வருவார். அந்த மறுப்பில் உழைப்புக்கு மதிப்பும் உண்மையான காரணமும் அடுத்த வழியும் இருக்கின்றன. கடன் கேட்டு வரும் உறவினருக்கும் இதே முறையில் பதில் சொல்லலாம். ஆனால் அதை நாலு பேர் முன்னிலையில் சொல்லக் கூடாது.

பாராட்டும்போது குறிப்பாகப் பாராட்டுங்கள். ‘சாப்பாடு பிரமாதம்’ என்பதைக் காட்டிலும், களி கட்டி தட்டாமல் பதமாக இருந்தது என்று சமைத்தவரிடமே சொல்வது அவர் மனத்தில் நிற்கும்.

மரியாதையில் ஆளுக்கொரு அளவு வைக்கக் கூடாது. அதிகாரியிடம் குழைந்துவிட்டு, தேநீர் கொண்டு வரும் பையனை ‘டேய்’ என்று அழைப்பவரின் இனிமையை உடனிருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். ‘தம்பி’ என்று அழைத்து, குவளையைக் கை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். விடைபெறும்போது வீட்டுப் பெரியவர்களிடம் தனியாகச் சொல்லிக்கொண்டு, வாசலில் புதுப் பேச்சைத் தொடங்காமல் புறப்படுங்கள்.