புது ரியல் எஸ்டேட் கம்பெனி: பிராண்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டைத் தாண்டிப் போனால் இரண்டு பக்கமும் மனை விளம்பரங்கள்தான். பச்சை எழுத்து, மேலே சூரியன், நடுவில் சிரிக்கும் குடும்பம். கம்பெனிப் பெயரைக் கையால் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. நாங்கள் தொழிலுக்கு வந்த காலத்திலும் இப்படித்தான் இருந்தது. இப்போது வருகிற பிள்ளைகள், நல்ல படிப்பும் முதலும் உள்ளவர்கள், அதையே திரும்பச் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. லோகோ நிறம், நோட்டீஸில் எழுத்துப்பிழை போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரைத் தேடிப் பார்க்காமல் போர்டு அடிப்பது

ஊர்ப் பெயரோடு 'பிராபர்ட்டீஸ்' என்று சேர்த்துவிட்டு, தனிப் பெயர் கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். 1999ஆம் ஆண்டு வணிகக் குறி (டிரேட்மார்க்) சட்டத்தின் 9ஆவது பிரிவு, ஊரையோ தொழிலையோ மட்டும் குறிக்கிற பெயரைப் பொதுவாகப் பதிவு செய்ய விடாது. நாளைக்கே பக்கத்துத் தெருவில் ஒருவர் அதே பெயரில் போர்டு மாட்டினால் தடுப்பது கஷ்டம். வணிகக் குறிப் பதிவில் ரியல் எஸ்டேட் சேவைக்கு 36ஆவது வகுப்பு, கட்டுமானத்துக்கு 37. பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கக் காசு கிடையாது. பதிவு கிடைத்தால் 10 வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பித்துக்கொள்ளலாம். விசிட்டிங் கார்டு அடிப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இது.

லேஅவுட் பெயரை வளர்த்து, கம்பெனிப் பெயரைப் பட்டினி போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. முதல் லேஅவுட்டுக்கு ஏதோ ஒரு 'அவென்யூ', 'கார்டன்', 'நகர்' என்று பெயர் வைக்கிறார்கள். ஆர்ச், ஃபிளெக்ஸ், பேப்பருக்குள் வைத்து வரும் நோட்டீஸ், ஃபேஸ்புக் பக்கம் எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான் பெரிதாக. கம்பெனிப் பெயர் அடியில் எங்கேயோ இருக்கும். கடைசி மனை கிரையம் ஆகிற அன்று, அந்தப் பெயருக்குச் செலவழித்த பணம் அத்தனையும் தீர்ந்துபோகிறது. ஆர்ச்கூட நமக்கு மிஞ்சாது. லேஅவுட் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம், ஆர்ச் நிற்பது அந்தச் சாலையின் தலைப்பில்.

திருப்போரூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறார். முதல் லேஅவுட் மளமளவென்று விற்றது. இரண்டாவதை வேறு ஊரில், வேறு பெயரில் ஆரம்பித்தார். முதல் லேஅவுட்டில் மனை வாங்கிய ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், தங்கைக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கத் தேடிக்கொண்டிருந்தார். பட்டா மாறும்வரை கூடவே நின்று முடித்துக் கொடுத்த தம்பி மேல் அவருக்கு முழுத் திருப்தி. ஆனால் கம்பெனிப் பெயர் ஞாபகமில்லை. செல்போனில் இருந்தது சைட் காட்டிய புரோக்கரின் நம்பர் மட்டும். புரோக்கர் அப்போது எங்கே கமிஷன் கூடுதலோ அங்கே கூட்டிப் போனார், தங்கைக்கு அங்கேயே கிரையம் முடிந்தது. பிறகு தம்பியின் இரண்டாவது லேஅவுட்டைப் பற்றி நான் சொன்னபோது அந்த அம்மா கேட்டார்: "அதுவும் அந்தத் தம்பியோட சைட்டுதானா? தெரிஞ்சிருந்தா நேரா அங்கயே போயிருப்போமே சார்."

ஒருவர் வாழ்க்கையில் மனை வாங்குவது ஒன்றிரண்டு தடவைதான். அவர் சொல்லித்தான் தங்கை வருகிறார், சம்பந்தி வருகிறார், ஆபீஸ் நண்பர் வருகிறார். சொல்வதற்கு அவர் வாயில் ஒரு பெயர் இருக்க வேண்டும். சென்னையில் காசாகிராண்ட், பெங்களூரில் பிரெஸ்டீஜ், பிரிகேட் ஆகியவற்றின் திட்டங்களைப் பாருங்கள். முதலில் கம்பெனிப் பெயர், அப்புறம்தான் திட்டத்தின் பெயர். ஒரு திட்டம் விற்றுத் தீர்ந்தாலும் பெயர் அடுத்ததற்குப் போய்ச் சேருகிறது.

இதற்குப் பெரிய முதல் வேண்டாம். எல்லா விளம்பரத்திலும் புரோக்கர் நம்பருக்குப் பதில் ஆபீஸ் நம்பரைப் போடுங்கள். அதை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். கிரையம் முடிந்த அன்று கெட்டி அட்டை ஃபைல் ஒன்று கொடுங்கள்: அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகல், தாய்ப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு நகல், மனையின் நாலு பக்க அளவு. அட்டையில் கம்பெனிப் பெயர். ஃபிளெக்ஸ் ஒரு ஆடிக் காற்றுக்குத் தாங்காது. இந்த ஃபைல் பீரோவில் பத்திரத்தோடு பல வருஷம் இருக்கும். வங்கி லோனுக்குப் போகும்போதெல்லாம் வெளியே வரும்.

அப்புறம், எல்லைக் கல். வாங்கியவர் துபாயில் இருப்பார். இரண்டு மழைக்குள் மனையைச் சீமைக் கருவேலம் மூடிவிடும், கல் எங்கே என்று தெரியாது. வருஷா வருஷம் தை மாதம் ஆள் விட்டு முள்ளை வெட்டி, கல்லில் மனை எண்ணைத் திரும்பப் பெயிண்ட்டில் எழுதி, ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூலியாள் செலவு மட்டும்தான். விற்றுவிட்ட மனைக்கு யாரும் இதைச் செய்வதில்லை. அந்த போட்டோ துபாயில் அவருடைய அறை நண்பர்கள்வரை போகும்.

தங்கக் காசு, குலுக்கல் பரிசு

எல்லோரும் கொடுக்கிறார்கள். அதனால் யாரும் தனியாகத் தெரிவதில்லை.

'ஒரகடத்துக்குப் பத்தே நிமிடம்'

நிமிடக் கணக்கை விட்டுவிட்டுக் கிலோமீட்டரைப் போடுங்கள். சைட் விசிட் வேனில் வருகிறவர் கையில் மேப் இருக்கிறது. ரெரா சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும். அவர் விலக நினைத்தால் போட்ட பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும்.

பதிவுக்கு முன்பே 'ப்ரீ லாஞ்ச்'

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பதாக இருந்தால், ரெரா பதிவுக்கு முன் விளம்பரமே செய்யக் கூடாது. வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுவதும் விளம்பரம்தான். அபராதம் திட்டத்தின் மதிப்பிட்ட செலவில் 10 சதவீதம் வரை போகலாம். புதுக் கம்பெனி அதிலிருந்து எழுந்திருப்பது கடினம்.

ரெரா எண்ணைப் பொடி எழுத்தில் போடுவது

விளம்பரத்தில் ரெரா ஆணையத்தின் இணையதள முகவரி எடுப்பாகத் தெரிய வேண்டும், பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்று ரெரா சட்டத்தின் 11ஆவது பிரிவே சொல்கிறது. பெரும்பாலானவர்கள் அதைக் கீழ் மூலையில் ஒளித்து வைக்கிறார்கள். நீங்கள் கம்பெனிப் பெயருக்கு நேர் கீழே, சாலையில் போகிறவர் பைக்கில் இருந்தபடியே படிக்கிற அளவுக்குப் போடுங்கள்.