ஆறு நாளும் ஏழாம் நாளும்: ஆதியாகமத்தின் தொடக்கத்தை முதன்முறை வாசிப்பவர்களுக்கு

தாராவியில் எங்கள் மாடி அறையில் சனிக்கிழமை மாலைகளில் வேதபாட வகுப்பு நடக்கிறது. பத்துப் பேர் உட்கார்ந்துவிட்டால் பதினோராவது ஆளுக்குப் படிக்கட்டுதான். தேவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்று தொடங்குகிறது வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம். அதை எடுக்கும்போதெல்லாம் முதல் கேள்வி ஒன்றேதான் வருகிறது: "அண்ணாச்சி, அந்த நாள் இருபத்துநாலு மணி நேரமா, கோடி வருஷமா?" கேட்டுவிட்டு, நான் எந்தக் கட்சி என்று முகத்தைப் பார்ப்பார்கள். பல வருஷம் நானும் இந்தக் கேள்விக்கே மூன்று வகுப்புகளைத் தின்னக் கொடுத்துவிட்டு, ஏழாம் நாளைக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஓட்டியிருக்கிறேன். ஆறு நாளும் ஏழாம் நாளை நோக்கியே நடக்கின்றன என்பது எனக்கு உறைக்கக் காலம் பிடித்தது. அதனால் இங்கே வரிசையை மாற்றிச் சொல்கிறேன். சண்டைக்குரிய கேள்வி நடுவில் வரும், முதலில் வாசிப்பு.

வேண்டியவை: தமிழ் வேதாகமம், கோடு போடாத ஒரு தாள், இரண்டு நிறப் பேனா, ஒரு மணி நேரம். சீர்திருத்த சபையார் வழக்கமாக வாசிக்கும் மொழிபெயர்ப்பு 1871-இல் முழுமையாக வெளிவந்தது. கத்தோலிக்கரின் பொது மொழிபெயர்ப்பில் இதே பகுதிக்குத் தொடக்க நூல் என்று பெயர். எது இருந்தாலும் போதும். இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. நான் சொல்லும் சொற்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

படி 1: எங்கே நிறுத்துவது?

முதல் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் நிறுத்தாதீர்கள். இரண்டாம் அதிகாரம் மூன்றாம் வசனம் வரை போங்கள். அதிகார எண்கள் எபிரெய மூலத்தோடு பிறந்தவை அல்ல. நாம் இன்று பயன்படுத்தும் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அந்தக் கோடு ஆறாம் நாளுக்குப் பின்னால் விழுந்ததால் ஏழாம் நாள் அடுத்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டது. மனிதன் படைக்கப்பட்டதோடு கதை முடிந்தது என்று பலர் எண்ணுவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன்.

படி 2: தாளை நடுவில் மடியுங்கள்

இரண்டாம் வசனத்தைப் பாருங்கள். பூமி "ஒழுங்கின்மையும் வெறுமையுமாய்" இருந்தது. இரண்டு குறைகள்: ஒழுங்கு இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை. எபிரெயத்தில் இது தோஹு வபோஹு. சொல்லிப் பார்த்தால் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம்போல இருக்கிறது.

தாளை நீளவாக்கில் மடித்து, இடப்பக்கத்தின் உச்சியில் "ஒழுங்கு" என்றும் வலப்பக்கத்தின் உச்சியில் "நிறைவு" என்றும் எழுதுங்கள். இடப்பக்கம் முதல் மூன்று நாட்கள்: வெளிச்சமும் இருளும் பிரிகின்றன, ஆகாயவிரிவு வந்து ஜலத்தை ஜலத்திலிருந்து பிரிக்கிறது, தரை தோன்றிப் பயிர் முளைக்கிறது. வலப்பக்கம் அடுத்த மூன்று: சுடர்கள், மீனும் பறவையும், மிருகங்களும் மனிதனும். எழுதியதை இப்போது குறுக்காக வாசியுங்கள். முதல் நாள் வெளிச்சத்துக்கு எதிரே நாலாம் நாள் சுடர்கள். இரண்டாம் நாள் வானுக்கும் நீருக்கும் எதிரே ஐந்தாம் நாள் பறவையும் மீனும். மூன்றாம் நாள் தரைக்கு எதிரே ஆறாம் நாள் தரையில் வாழ்பவை. முதலில் அறை, பிறகு குடித்தனக்காரர். மூன்றாம் நாளிலும் ஆறாம் நாளிலும் மட்டும் இரண்டிரண்டு வேலைகள். ஆக ஆறு நாளில் எட்டு வேலை.

வகுப்பில் ஒரு தம்பி இந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "சூரியன் வருவதற்கு முன்னால் எப்படி மூன்று நாள்?" என்று கேட்டான். அருமையான கேள்வி, அவனுக்கு முன்பே 3-ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் கேட்டுவிட்டார். அறிவியல் வந்து நெருக்கியதால்தான் கிறிஸ்தவர்கள் இந்த நாட்களுக்கு வேறு பொருள் தேடினார்கள் என்று சொல்பவர்களிடம் நான் எடுத்து வைக்கும் முதல் சாட்சி ஓரிகன்தான்.

நாலாம் நாளில் இன்னொன்றும் உண்டு. சூரியன், சந்திரன் என்ற பெயர்களே அங்கு இல்லை. "பெரிய சுடர்", "சிறிய சுடர்", அவ்வளவுதான். அக்கம்பக்கத்து நாடுகள் அவற்றைத் தெய்வங்களாகக் கும்பிட்ட காலத்தில், பெயரைக்கூடச் சொல்லாமல் விளக்கு மாட்டிய கணக்காக எழுதிவிட்டுப் போவது வேண்டுமென்றே செய்தது என்று உரையாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

படி 3: திரும்பத் திரும்ப வரும் சொற்களுக்கு அடிக்கோடு

ஒரு நிறத்தில் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்ற தொடருக்குக் கோடு போடுங்கள். ஆறு கோடு வரும். மற்ற நிறத்தில் "நல்லது என்று கண்டார்". இரண்டாம் நாளில் அது இருக்காது. மூன்றாம் நாளில் இரண்டு முறை வரும். நீரைப் பிரிக்கும் வேலை மூன்றாம் நாளில்தான் முடிகிறது, பாதி வேலைக்குப் பாராட்டுக் கிடையாது என்பது யூத ஆசிரியர்கள் சொல்லும் விளக்கம். மேஸ்திரி வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரிகிறது.

கடைசியில் "மிகவும் நன்றாயிருந்தது" என்பதையும் சேர்த்தால் ஏழு. எபிரெயத்தில் முதல் வசனத்தின் சொற்கள் ஏழு; இரண்டாம் வசனத்தில் பதினான்கு; இந்தப் பகுதி முழுதும் தேவன் என்ற சொல் முப்பத்தைந்து முறை. இப்படி எண்ணுவதில் ஒரு போதை உண்டு, எச்சரிக்கையாக இருங்கள். ஆனால் எழுதியவர் ஏழு என்ற எண்ணை மனத்தில் வைத்தே நெய்திருக்கிறார் என்பதற்கு இவ்வளவு போதும்.

படி 4: "நாள்" என்ற சொல்

எபிரெயத்தில் யோம். ஐந்தாம் வசனத்தில் வெளிச்சத்துக்கு இடப்படும் பெயர் யோம்; அதே வசனத்தின் முடிவில் மாலையும் காலையும் சேர்ந்த முழுநாளும் யோம். தமிழ் முன்னதைப் பகல் என்றும் பின்னதை நாள் என்றும் பிரித்துக் கொடுத்துவிட்டதால் நமக்கு அந்தச் சிக்கலே தெரிவதில்லை. அடுத்து, இரண்டாம் அதிகாரம் நாலாம் வசனத்தில் வானத்தையும் பூமியையும் "உண்டாக்கின நாளில்" என்று வருகிறது. ஆறு நாளும் அங்கே ஒரே நாளுக்குள் அடங்கிவிடுகின்றன. தமிழருக்கு இது புதிதல்ல. நாளங்காடி என்றால் பகல் சந்தை, "அந்த நாளில்" என்றால் ஒரு காலம், பஞ்சாங்கத்தில் நாள் என்றால் நட்சத்திரம்.

இன்னொரு நுணுக்கம்: தமிழில் "முதலாம் நாள்" என்று இருக்கிற இடத்தில் எபிரெயம் "ஒரு நாள்" என்கிறது. மாலையும் காலையும் சேர்ந்தால் ஒரு நாள் என்று முதலில் அளவுகோலைச் சொல்லிவிட்டுத்தான் இரண்டாம், மூன்றாம் என்று எண்ணத் தொடங்குகிறது.

படி 5: கட்சிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். சாதாரண நாள் என்பவர்கள் மாலை, காலை என்ற சொற்களையும், ஓய்வுநாள் கட்டளைக்கு ஆறு நாள் படைப்பைக் காரணமாகச் சொல்லும் யாத்திராகமம் 20-ஐயும் காட்டுவார்கள். 1650-இல் ஜேம்ஸ் அஷர் என்ற பேராயர் வம்ச வரலாறுகளைக் கூட்டிப் படைப்பு கி.மு. 4004-இல் என்று கணக்குச் சொன்னதும் இந்த வழியில்தான். நீண்ட யுகம் என்பவர்கள், கர்த்தருக்கு ஆயிரம் வருஷம் ஒரு நாள்போல என்ற வசனத்தைக் காட்டுவார்கள். அது தேவனுடைய பொறுமையைப் பேசுகிற இடம், மாற்று விகிதப் பட்டியல் இல்லை என்பது என் எண்ணம். முதலிரண்டு வசனங்களுக்கு நடுவே நீண்ட இடைவெளி என்ற கருத்தை 1814-இல் தாமஸ் சால்மர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் பரப்பினார். நம் ஊர்ப் பிரசங்கங்களில் இன்றும் கேட்கலாம். எல்லாம் ஒரே கணத்தில் படைக்கப்பட்டன, நாட்கள் நமக்குப் புரிவதற்கான வரிசை என்றார் பழைய சபைத் தந்தைகளில் ஒருவரான அகுஸ்தீன். நீங்கள் படி 2-இல் மடித்த தாளையே ஆதாரமாக எடுத்து, இது காலவரிசையைவிட அமைப்பு என்பவர்களும் உண்டு.

நான் எந்தப் பக்கம்? எழுதியவர் மனத்தில் இருந்தது சாதாரண நாள்தான். கூலிக்காரன் விடிந்து எழுந்து மாலையில் கருவியைக் கீழே வைக்கும் நாள். ஆனால் அதை வைத்துப் பூமியின் வயதைக் கணக்கிடுவது, தாலாட்டைக் கேட்டுக் குழந்தையின் எடையைச் சொல்வதுபோல. ஒத்துக்கொள்ளாதவர்கள் என் வகுப்பிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நால்வரும் தவறாமல் வருகிறார்கள்.

படி 6: ஏழாம் நாளில் நிதானமாக நில்லுங்கள்

தாளின் அடியில், மடிப்பின் இரண்டு பக்கமும் சேர ஒரு கட்டம் வரையுங்கள். அதில் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்.

ஏழாம் நாளுக்குச் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" இல்லை. உங்கள் ஆறு கோடுகளை மறுபடி எண்ணிப் பாருங்கள். கதவு சாத்தப்படாத நாள் என்று இதைப் பலர் வாசித்திருக்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் எபிரெயர் நிருபத்தின் நாலாம் அதிகாரமும் அந்த ஓய்வு இன்னும் மீதியாயிருக்கிறது என்றுதான் பேசுகிறது.

"ஓய்வுநாள்" என்ற பெயர்ச்சொல்லும் இங்கே இல்லை. "ஓய்ந்திருந்தார்" என்ற வினைதான் இருக்கிறது. ஷாபாத் என்றால் நிறுத்துதல், களைத்துப்போய்ச் சாய்வதல்ல. பெயர்ச்சொல் முதன்முதலில் வருவது யாத்திராகமம் 16-இல், வனாந்தரத்தில் வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற உணவைப் பொறுக்கும் கதையில்.

மூன்றாவது, "பரிசுத்தம்" என்பது வேதாகமத்தில் முதலில் ஒட்டுவது மலைக்கோ கோயிலுக்கோ அல்ல, ஒரு நாளுக்கு.

அடுத்து, பத்துக் கட்டளைகளை இரண்டு இடத்திலும் திறந்து அருகருகே வையுங்கள். யாத்திராகமம் 20 ஓய்வுநாளுக்குக் காரணமாகப் படைப்பைச் சொல்கிறது. உபாகமம் 5 எகிப்தைச் சொல்கிறது: நீ அடிமையாயிருந்தாய், அதனால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் "உன்னைப்போல" இளைப்பாறட்டும். எகிப்தில் செங்கல் அறுத்த இஸ்ரவேலர் கூட்டத்துக்கு லீவு கிடையாது. விடுதலையான பிறகு அவர்களுக்குக் கிடைத்த சட்டத்தில் மாட்டுக்கும் கழுதைக்கும்கூட லீவு.

இதை மும்பையில் இருந்துகொண்டு வாசிப்பதில் ஒரு வசதி உண்டு. கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரேல் யூதர்களை ஊரார் "சனிவார் தேலி" என்றார்கள்: சனிக்கிழமை செக்கு ஓட்டாத எண்ணெய்க்காரர்கள். வேதம் எழுத்தில் கையில் இல்லாதிருந்த தலைமுறைகளிலும் அந்த ஒரு நாள் கைவிட்டுப் போகவில்லை. அவர்கள் 1796-இல் நிறுவிய தொழுகைக்கூடம் மஸ்ஜித் ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. சயானில் ஸ்லோ லோக்கல் ஏறினால் போய்விடலாம். அந்த வழியில் வரும் பரேல், கர்ரி ரோடு, சிஞ்ச்போக்லி எல்லாம் பழைய பஞ்சாலைப் பகுதி. ஆலைத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் வேண்டும் என்று தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகாண்டே 1884-இல் குரல் கொடுத்தார். ஞாயிறு விடுமுறை கைக்கு வந்தது 1890-இல். அவர் ஆதியாகமத்தைக் காட்டிக் கேட்கவில்லை. ஞாயிறு மராத்தியர் வணங்கும் கண்டோபா தெய்வத்தின் நாள் என்பதும் அவர் பக்கத்து நியாயங்களில் ஒன்று.

ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்ற வழக்கு நம் திருநெல்வேலிக்கும் பழையதுதான். நாசரேத் பக்கத்தில் 1857-இல் மிஷனரிகளிடமிருந்து பிரிந்த அருமைநாயகம் சட்டம்பிள்ளையின் சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாக எடுத்துக்கொண்டது. பெரும்பாலான சபைகள் உயிர்த்தெழுதலின் நினைவாக வாரத்தின் முதல் நாளில் கூடுகின்றன. இதில் தீர்ப்புச் சொல்வது இந்தப் பாடத்தின் வேலையல்ல.

இங்கே வந்ததும் வகுப்பில் எப்போதும் சத்தம் கூடும். போன முறை, தோல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, "எனக்குப் புதன்கிழமைதானே விடுமுறை, அண்ணாச்சி? அதுவும் ஆர்டர் இருந்தால் கிடையாது" என்றான். அவனுக்கு நான் உபாகமத்தைத்தான் மறுபடி வாசித்துக் காட்டினேன். முதலாளியிடமும் வாசித்துக் காட்டச் சொன்னான்.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் கட்டளையை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தார். "நீயானாலும், உன் குமாரனானாலும், உன் குமாரத்தியானாலும், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், அந்நியன்… மனைவியைக் காணோமே?" என்றார். உண்மைதான், பட்டியலில் மனைவி இல்லை. "நீ" என்பதற்குள் அவளும் அடக்கம் என்றுதான் உரைகள் சொல்லுகின்றன என்றேன். "ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கறி வெட்டுகிறவள் எந்த 'நீ'க்குள் அடக்கம்?" என்று கேட்டார். அறை சிரித்தது; எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யாத்திராகமம் 16-ஐத் திருப்பினோம். ஆறாம் நாளில் மன்னா இரண்டு மடங்கு. சுடவேண்டியதைச் சுட்டு, வேவிக்கவேண்டியதை வேவித்து, மீதியை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. அவர் அந்த வசனத்தின் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அரை மணி நேரம் தாமதமாக வந்தார். நாளைக்கும் சேர்த்துப் புளிக்குழம்பு வைத்து இறக்கிவிட்டு வருவதாகச் சொன்னார். அது எப்படியும் மறுநாள்தான் ருசி.