ரத்து செய்யாமல் முன்பணத்தை மீட்டது: என் அனுபவம்

சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டிய பிறகு, அதே வாரத்தில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று முடிவானது. ரத்து செய்யலாமா என்று சுற்றுலா நிறுவனத்திடம் போனில் கேட்டேன். "முன்பணம் திரும்பாதுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். தேதியைத் தள்ளிவைத்தாலும் அது ரத்துக் கணக்கில்தான் சேருமாம். பயணக் காப்பீட்டைப் புரட்டினேன். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய் என்று அங்கேயும் கைவிரித்தார்கள். நான்கு நாள் இப்படியே போனது.

அதுவரை ஒப்பந்தத்தில் ‘ரத்து’ பகுதியை மட்டும்தான் திரும்பத் திரும்பப் படித்திருந்தேன். விடை இருந்ததோ இரண்டு பக்கம் தள்ளி, ‘பெயர் மாற்றம்’ என்ற தலைப்பின் கீழே, பொடி எழுத்தில். குறித்த நாளுக்குள் எழுத்தில் தெரிவித்தால் இடத்தை இன்னொருவருக்கு மாற்றலாம், சிறு கட்டணம் உண்டு. ஆனால் விமான டிக்கெட்டை ஏற்கெனவே ஒருவர் பெயரில் போட்டுவிட்டால் சிக்கல். எங்களுடையது குழுப் பதிவு என்பதால் பெயர்ப் பட்டியல் இன்னும் விமான நிறுவனத்துக்குப் போகவில்லை.

பெயர் மாற்றம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலில் ‘ரத்து’ என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டேன். நல்லவேளை, போனிலும் ரத்து என்று உறுதியாகச் சொல்லித் தொலைக்கவில்லை. மறுநாளே ஒப்புதல் வந்தது. என் இடத்தில் மைத்துனர் போகிறார். முன்பணத்தை அவரே என் கையில் கொடுத்துவிட்டார். பெயர் மாற்றக் கட்டணம் மட்டும் என் செலவு.