காலப்பயணக் கதைக்குத் தேதி போடுவது எப்படி? தொடக்க எழுத்தாளர்களுக்கு ஒரு செய்முறை

காலப்பயணக் கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றியே யோசிக்கிறார்கள். அது எப்படி ஓடுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, தேதியை மட்டும் போகிற போக்கில் போட்டுவிடுகிறார்கள். கவனமாகப் படிக்கிற வாசகர் அங்கேதான் புத்தகத்தை மூடி வைப்பார். கதையுலகம் முழுவதற்கும் ஒரு காலவரிசை அட்டவணை போட்டுக்கொண்டால் இந்த ஆபத்து இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமோ ஸ்ப்ரெட்ஷீட்டோ போதும்.

படி 1: எல்லாச் சம்பவத்துக்கும் ஒரே எண்ணிக்கை

அட்டவணையின் முதல் பத்தியில் (அதாவது முதல் நெடுவரிசையில்) ஜூலியன் நாள் எண்ணைப் போடுங்கள். வானியலாளர்கள் இன்றும் பயன்படுத்தும் கணக்கு இது. 1583-ல் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் ஸ்காலிஜர் வகுத்த 7980 ஆண்டுச் சுழற்சிதான் இதன் அடிப்படை. கி.மு. 4713 ஜனவரி 1 நண்பகலில் பூஜ்யம்; அங்கிருந்து நாளுக்கு ஒன்று கூடும். 2000 ஜனவரி 1 நண்பகலுக்கு இந்த எண் 24,51,545.

இதில் மாதமும் இல்லை, லீப் வருடமும் இல்லை. பழைய ஜூலியன் காலெண்டரிலிருந்து இன்றைய கிரிகோரியன் காலெண்டருக்கு மாறியபோது, இத்தாலியில் 1582 அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. இங்கிலாந்து இதே மாற்றத்தை 1752-ல்தான் செய்தது. அங்கே செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. 1590-ல் ரோமிலிருந்து லண்டனுக்குப் போகிறவர், எந்த இயந்திரமும் இல்லாமலே காலெண்டரில் பத்து நாள் பின்னால் போய் நிற்பார். நாள் எண்ணில் இந்தக் குழப்பமே கிடையாது.

ஸ்ப்ரெட்ஷீட்டில் இதைத் தேதி வடிவத்தில் வைக்காதீர்கள். எக்செல்லின் தேதிக் கணக்கு 1900-லிருந்துதான் தொடங்குகிறது. வெறும் எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: இல்லாத பூஜ்ய ஆண்டு

கி.மு. 1-க்கு அடுத்து நேராக கி.பி. 1 வருகிறது. ஆரியபட்டரை வைத்தே பார்க்கலாம். கலியுகத்தில் 3600 ஆண்டுகள் கழிந்தபோது தனக்கு வயது 23 என்று அவர் எழுதியிருக்கிறார். கலியுகத் தொடக்கம் கி.மு. 3102. 3600-லிருந்து 3102-ஐக் கழித்தால் 498 வரும்; சரியான விடையோ கி.பி. 499.

இதற்கு வானியலாளர்களின் வழி சுலபமானது. கி.மு. 1-ஐ 0 என்றும், கி.மு. 2-ஐ -1 என்றும் எழுதுங்கள். கி.மு. 3102 அப்போது -3101 ஆகும். அதோடு 3600-ஐக் கூட்டினால் 499 கிடைத்துவிடும். இரண்டாவது பத்தியில் இந்த ஆண்டைப் போடுங்கள்.

படி 3: அந்த ஊர்க்காரர் வாயில் வரும் ஆண்டு

எனக்குப் பிடித்த பத்தி இதுதான், அதிக உழைப்பைக் கேட்பதும் இதுதான். உங்கள் நாயகி கி.மு. 763-ல் அசீரியாவின் அசூர் நகரத்தில் இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குயவரிடம் இது என்ன ஆண்டு என்று கேட்கிறாள். எண் எதுவும் பதிலாக வராது. "பூர் சகாலேயின் ஆண்டு" என்பார் அவர். அசீரியர்கள் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் உயர் அதிகாரியின் பெயரைச் சூட்டினார்கள். பூர் சகாலே, குசானா என்ற ஊரின் ஆளுநர். பெயர்களின் வரிசை மனப்பாடமாகத் தெரியாவிட்டால் நாயகியால் தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. அரண்மனை எழுத்தர்களும் அதற்காகத்தான் அந்தப் பட்டியலைக் களிமண் பலகையில் எழுதி வைத்தார்கள்.

அந்தப் பட்டியலில் பூர் சகாலேயின் ஆண்டுக்கு நேராக இரண்டு குறிப்புகள் இருக்கின்றன: அசூர் நகரில் கலகம், சிமானு மாதத்தில் சூரிய கிரகணம். அது ஜூன் 15 அன்று நடந்த கிரகணம் என்று வானியல் கணக்கு சொல்கிறது. இந்த ஒரு நாள் பிடிபட்டதும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பெயர்களுக்கெல்லாம் கி.மு. ஆண்டு கிடைத்துவிட்டது. கலகம் நடக்கும் ஊர், இருளப்போகும் சூரியன். கதை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல களம் வேண்டுமா?

மற்ற நாடுகளிலும் இதே கவனம் வேண்டும். ரோமர்கள் அன்றாடப் பேச்சில் நகரம் நிறுவப்பட்ட ஆண்டிலிருந்து எண்ணவில்லை. அந்த ஆண்டின் இரு கான்சல்களின் (தலைமை அதிகாரிகளின்) பெயரைத்தான் சொன்னார்கள். எகிப்தில் அரசர் மாறியதும் எண்ணிக்கை மறுபடி 1-லிருந்து தொடங்கும். கி.மு. 3102-ல் வாழ்ந்த யாரும் "இது கலியுகம் முதல் ஆண்டு" என்று சொல்லியிருக்கமாட்டார்கள். அது பிற்கால வானியலாளர்கள் பின்னோக்கிக் கணக்கிட்ட தொடக்கம்.

படி 4: எந்தக் காலெண்டர் என்று குறியுங்கள்

மேலே சொன்ன ஜூன் 15 ஜூலியன் காலெண்டர்படி. இன்றைய கிரிகோரியன் முறையைப் பின்னோக்கி நீட்டினால் அதே நாள் ஜூன் 7. நாள் எண் இரண்டுக்கும் 14,42,903-தான். தேதிக்குப் பக்கத்தில் "ஜூ" அல்லது "கி" என்று ஓர் எழுத்து போட்டுவிடுங்கள்.

படி 5: பூமி எவ்வளவு சுற்றியிருந்தது?

பூமியின் சுழற்சி மெல்ல மெல்லக் குறைந்துவருகிறது. கி.மு. 763-லிருந்து இன்றுவரை சேர்ந்த வித்தியாசம் 5 மணி நேரத்துக்கும் மேல். உங்கள் இயந்திரம் ஒரு நாளைக்குச் சரியாக 86,400 விநாடி என்று கணக்கிட்டால், கிட்டத்தட்ட கால் சுற்று தள்ளி இறங்கும். அசூருக்குக் கிளம்பியவள் வேறொரு கண்டத்திலோ கடலிலோ விழுவாள். இந்தத் திருத்தத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

படி 6: எழுத்துக்கு முந்தைய காலம்

இங்கே மாதத்தையும் தேதியையும் விட்டுவிடுங்கள். பழம்பொருளில் எஞ்சியிருக்கும் கார்பனை வைத்து வயதைக் கணிக்கும் ரேடியோகார்பன் ஆய்வில் "இன்றைக்கு முன்" என்றால் 1950-க்கு முன் என்று பொருள். அந்த முறை ஏறத்தாழ 50,000 ஆண்டு வரைதான் கைகொடுக்கும், அதுவும் கூடக்குறைய என்ற வரம்போடுதான். அட்டவணையில் அந்த ± எண்ணையும் எழுதுங்கள். துருக்கியில் பழங்காலக் கல்தூண்கள் நிற்கும் கோபெக்லி தெப்பேக்குப் போகிற குழுவிடம் "கி.மு. 9500 வாக்கில்" என்ற தகவல் மட்டும் இருந்தால், தூண்களை நிறுத்துவதற்குச் சில நூறு ஆண்டுகள் முன்னதாகவே அவர்கள் போய் இறங்கலாம். அந்தத் தவறிலிருந்தே ஒரு முழு அத்தியாயம் எழுதலாம்.

டைனோசர் காலத்துக்குப் போனால் நாள் என்பதே வேறு. சுமார் 7 கோடி ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒரு சிப்பியினத்தின் ஓட்டு வரிகளை எண்ணி, அப்போது ஆண்டுக்கு 372 நாட்கள், ஒரு நாளுக்கு சுமார் 23½ மணி என்று கண்டறிந்திருக்கிறார்கள். குழுவினரின் கைக்கடிகாரம் 24 மணியிலேயே ஓடினால், சூரியன் தினமும் அரை மணி முந்திக்கொண்டே போகும். 24 நாட்களில் கடிகாரம் நண்பகல் காட்டும்போது வெளியே நள்ளிரவாக இருக்கும். ஆகவே இந்தப் பகுதிக்கு நாள் எண் பத்தியைக் காலியாக விட்டு, குழுவினரின் கடிகார நேரம், உள்ளூர் நேரம் என்று இரண்டு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்.