சுனௌலி வழியாக லும்பினி: நடந்தே நேபாளம் போவது எப்படி

லும்பினி பார்க்க காத்மாண்டுவுக்கு விமான டிக்கெட் தேடாதீர்கள். புத்தர் பிறந்த ஊர் இந்திய எல்லையை ஒட்டித்தான் இருக்கிறது. கோரக்பூர் வரை ரயில் (ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் கோவை, சென்னை வழியாகவே போகிறது, ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும், புளியோதரை கட்டிக்கொண்டு ஏறுங்கள்), ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் எல்லை ஊரான சுனௌலி.

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, இரண்டில் ஒன்று அசலாகக் கையில் இருக்க வேண்டும். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வரிசையில் நிற்கும் லாரிகளை ஒட்டி நடந்தால் ஒரு நுழைவு வளைவு வரும், அதைத் தாண்டினால் பேலஹியா, அதாவது நேபாளம். பல நாள் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இலங்கை, மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஆபத்தே இதில்தான்: கடைவரிசைக்கு நடுவே இருக்கும் இந்தியக் குடியேற்ற அலுவலகத்தைக் கவனிக்காமல் கூட்டத்தோடு நடந்துவிடுவார்கள். அங்கே வெளியேறும் முத்திரை வாங்காமல் நேபாள விசா கவுன்ட்டருக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். அப்புறம், உங்கள் இந்திய விசாவில் மறுபடி நுழைய முடியுமா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றால் அந்த வளைவோடு அது முடிந்தது.

பணத்துக்கு 100 ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொள்வது நிம்மதி; பெரிய நோட்டுகளை நேபாளம் 2018-இல் தடை செய்தது, இப்போதும் கடைக்காரர்கள் முகம் சுளிக்கலாம். நம் 100 ரூபாய்க்கு அவர்கள் பணம் 160, நிலையான விகிதம். வளைவருகே யாராவது இதைவிடக் குறைத்துச் சொன்னால் சிரித்துவிட்டு நடங்கள். கடிகாரத்தை 15 நிமிடம் முன்னே தள்ளுங்கள்.

பேலஹியாவிலிருந்து நாலு கிலோமீட்டரில் பைரஹவா, அங்கே பஸ் மாறினால் ஒரு மணி நேரத்தில் லும்பினி. நாடு நாடாகக் கட்டியிருக்கும் விகாரைகளைச் சுற்றிக் காலைப் பொழுதை ஓட்டிவிடாதீர்கள், அவை புதுசு. நேராக மாயாதேவி கோயிலுக்குப் போங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது, மரப்பாதையில் நடந்து பழைய செங்கல் அடித்தளங்களைக் குனிந்து பார்க்கலாம்.

வெளியே வந்தால் அசோகர் தூண். எனக்கு இங்கேதான் அதிக நேரம் போனது. 1896-இல் கண்டெடுத்தது; முடிசூடி இருபது ஆண்டு கழித்து அசோகரே வந்து வணங்கியதாகவும், ஊருக்கு வரியைக் குறைத்ததாகவும் ஐந்து வரியில் சொல்கிறது. தூணில் இருப்பது பிராமி எழுத்து; அதற்கு உறவான நம் ஊர் தமிழி எழுத்தைக் கொஞ்சம் பழகியிருந்தால் ல, ம, ந எல்லாம் கண்ணில் சிக்கும். எழுத்துக் கூட்டி ‘லுமினி’ வரை வந்துவிட்டால் ஊர்ப் பெயரையே படித்துவிட்டீர்கள்! இன்னொன்று, ராஜாவைக் குறிக்கும் சொல் ‘ரா’வில் தொடங்காமல் ‘லாஜின’ என்றுதான் இருக்கும். அது பிழையில்லை, அந்தக் காலத்துப் பேச்சுமொழியான பிராகிருதம் கிழக்கே அப்படித்தான்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் திலௌராகோட். மேற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர், பேருந்தைவிட வாடகை வண்டி சுலபம். சித்தார்த்தர் வளர்ந்த கபிலவஸ்து இதுதான் என்பது நேபாளத்தின் கட்சி, இல்லை, எல்லைக்கு இந்தப் பக்கம் உத்தரப் பிரதேசத்து பிப்ராவாதான் என்பது இன்னொரு கட்சி. சண்டை தீரவில்லை. ஆனால் திலௌராகோட்டில் மதிலும் அகழியும் கிழக்கு வாசலும் தரையில் தெளிவாகத் தெரிகின்றன, கூட்டமும் இல்லை.

டிசம்பர், ஜனவரியில் தராய் என்னும் இந்தச் சமவெளி முழுக்கப் பனிமூட்டம், ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். பிப்ரவரி நல்லது. திரும்பும்போது இரவு ரயில் என்றால் மதியத்துக்குள் பைரஹவாவை விட்டுக் கிளம்பிவிடுங்கள், சுனௌலியில் அந்த லாரி வரிசை பஸ்ஸையும் சேர்த்து நிறுத்திவிடும்.